டர்பைன்கள் போன பிறகு

லண்டனில் செயின்ட் பால் பேராலயத்துக்கு நேர் எதிரே, தேம்ஸ் நதியின் தென்கரையில், நீண்டு படுத்த ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. சுவரின் பரப்போடு ஒப்பிட்டால் சன்னல்கள் மிகக் குறைவு. நட்டநடுவே சதுரமாக ஒரு புகைபோக்கி ஓங்கி நிற்கிறது. உள்ளே பிக்காசோ இருக்கிறார், மார்க் ரோத்கோ இருக்கிறார். டேட் மாடர்ன் என்ற பெயரில் உலகமே அறிந்த நவீனக் கலைக்கூடம் அது. 1981 வரை அங்கே எண்ணெயை எரித்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கைவிடப்பட்ட ஒரு மின்நிலையம் கலைக்கூடமாக மாறியது என்றதும் கட்டடக் கலைஞர்களின் கற்பனையைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பார்வையாளரை வாய்பிளக்க வைக்கும் அந்த உயரத்தையும் நீளத்தையும் ஆழத்தையும் அவர்கள் தீர்மானிக்கவில்லை, நீராவி தீர்மானித்தது. கொதிகலன், டர்பைன், கந்தகப் புகை, ஆற்று நீர் ஆகிய நான்கும் சேர்ந்து வரைந்த வரைபடம் அது. அந்த வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் கையில் கட்டடம் கிடைத்ததுதான் இந்தக் கதையின் நல்ல திருப்பம் என்று நான் நினைக்கிறேன்.

பேராலயத்தின் முகத்துக்கு எதிரே ஏன் மின்நிலையம் வந்தது? அனல் மின்நிலையத்தில் எரிபொருள் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. உயர் அழுத்த நீராவி டர்பைனின் இறக்கைகளைத் தள்ளிச் சுழற்றுகிறது. அதோடு வேலை முடிவதில்லை. வெளியேறும் ஆவியைக் குளிர வைத்து மறுபடி தண்ணீராக்கினால்தான் டர்பைனின் கடைசிப் பகுதியில் அழுத்தம் வெற்றிடத்தை நெருங்கும். அப்போதுதான் ஆவியிடமிருந்து முழு உழைப்பையும் வாங்க முடியும். குளிர வைக்கும் வேலையைச் செய்வது கண்டென்சர். அதன் குழாய்களுக்குள் ஓயாமல் குளிர்ந்த நீர் ஓட வேண்டும். அந்தக் காலத்து நிலையங்களில் எரிபொருளின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமானாலே பெரிய காரியம். மீதியில் பெரும்பகுதி கண்டென்சர் வழியாக ஆற்றுக்குத்தான் போயிற்று. ஆகவே ஆற்றங்கரை வேண்டும். கேபிளில் இழப்பு குறைய மின்சாரம் செலவாகும் இடம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தேம்ஸின் இந்தத் தென்கரைப் பகுதியான பேங்க்சைடில் இரண்டும் இருந்தன. அங்கே 1891இலேயே நிலக்கரியில் ஓடும் ஒரு மின்நிலையம் வந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதைவிடப் பெரியதாக ஒன்றைக் கட்டும் திட்டம் வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. குண்டுவீச்சில் தப்பிப் பிழைத்த பேராலயத்தின் எதிரே மலைபோல நிலக்கரியும் சாம்பலுமா என்று கேட்டார்கள். 1947 குளிர்காலத்தில் பிரிட்டன் நிலக்கரித் தட்டுப்பாட்டில் தவித்தது. வீடுகளும் தொழிற்சாலைகளும் இருளில் கிடந்தன. மின்சாரம் அவசரத் தேவை என்ற நிலையில் அரசு அனுமதி கொடுத்தது, நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெய் என்ற மாற்றத்தோடு. எண்ணெய் படகில் வரும். நிலத்துக்கடியில் புதைத்த மூன்று பெரிய தொட்டிகளில் கண்ணுக்குத் தெரியாமல் நிரம்பும். வடிவமைப்பு சர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டிடம் வந்தது. லண்டன் தெருக்களின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வரைந்தவர் அவர்தான். லிவர்பூலின் ஆங்கிலிகன் பேராலயமும் அவர் படைப்பு. எஃகுச் சட்டகத்தின் மேல் 42 லட்சம் செங்கற்களைப் போர்த்தி அவர் எழுப்பிய கட்டடத்தின் மேற்குப் பாதி 1952இல் இயங்கத் தொடங்கியது. பழைய நிலையத்தை இடித்த இடத்தில் கிழக்குப் பாதி 1963இல் முடிந்தது. அதைப் பார்க்க ஸ்காட் இல்லை; 1960இல் காலமாகிவிட்டார்.

புகைபோக்கியின் உயரம் 99 மீட்டர். பேராலயத்தின் உச்சி 111 மீட்டர். ஆண்டவன் வீட்டைவிட உயரக் கூடாது என்ற மரியாதை அது. அந்த மரியாதைக்கு இயற்பியல் ஒரு விலை கேட்டது. புகைபோக்கி எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் புகை பரவி நீர்த்துப் போகும். உயரத்தைக் குறைத்தால் புகையை முதலில் சுத்தம் செய்தாக வேண்டும். கன எண்ணெயில் கந்தகம் நிறைய. எரியும்போது அது கந்தக டை ஆக்சைடாகிறது. ஆகவே பேங்க்சைடில் புகையைக் கழுவினார்கள். தேம்ஸ் நீரையும் சுண்ணாம்புக் குழம்பையும் புகையின் மீது மழையாகப் பொழிய, கந்தகம் சுண்ணாம்போடு சேர்ந்து நீரில் இறங்கிவிடும். இதைத் தொழில் அளவில் அந்தக் காலத்தில் செய்தவர்கள் உலகில் வெகு சிலர்தான். ஆனால் கழுவிய புகை நனைந்து, குளிர்ந்து போனது. சூடான புகை சுற்றியுள்ள காற்றைவிட லேசானது என்பதால்தான் மேலே ஏறுகிறது. குளிர்ந்த புகைக்கு அந்தத் தெம்பு இல்லை. ஈர விறகின் புகை முற்றத்தில் படர்வதைப் போல அது சில நாட்களில் கீழிறங்கித் தெருவில் படர்ந்தது. கழுவிய நீரோ ஆற்றில் கலந்தது. காற்றின் அழுக்கில் ஒரு பகுதியைத் தண்ணீருக்கு மாற்றியதுதான் மிச்சம்.

எதிர்க்கரையில் என்ன நடந்தது என்பதற்குப் பேராலயமே ஒரு கணக்கு வைத்திருந்தது. செயின்ட் பால் கட்டப்பட்டது போர்ட்லேண்ட் சுண்ணாம்புக் கல்லில். கந்தக அமிலம் பட்டால் அந்தக் கல் ஜிப்சமாகி, மழையில் கரைந்து ஓடும். மேல்தளத்துக் கைப்பிடிச் சுவரின் கற்களில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில துளைகளை ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். ஈயம் அமிலத்துக்கு அசையவில்லை. சுற்றியிருந்த கல் தேய்ந்தது. ஈயக்கட்டி கல்லைவிட எவ்வளவு துருத்தி நிற்கிறது என்று அளந்தால் இத்தனை ஆண்டுகளில் கல் எவ்வளவு கரைந்தது என்று தெரிந்துவிடும். புவியியலாளர்கள் 1980இலிருந்து முப்பது ஆண்டுகள் அந்தக் கற்களை நுட்பமாக அளந்துவந்தார்கள். அந்தக் காலத்துக்குள் தேய்மானத்தின் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நகரத்துக்குள் இருந்த மின்நிலையங்கள் மூடப்பட்டதும், வீடுகளில் நிலக்கரி அடுப்புகள் ஒழிந்ததும் காற்றிலிருந்த கந்தகத்தைக் குறைத்ததன் விளைவு அது. பேங்க்சைடின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்த ஈயக்கட்டிகள்தான். அளப்பதற்கென்று யாரும் வைக்காத ஒரு கருவி இரண்டரை நூற்றாண்டு பொறுமையாகப் பதிவு செய்திருக்கிறது.

இனி உள்ளே போவோம். மின்நிலையத்தின் அமைப்பு ஆற்றுக்கு இணையாக மூன்று பட்டைகளாக இருந்தது. வடக்கே கொதிகலன் கூடம், நடுவே டர்பைன் கூடம், தெற்கே மின்சாரத்தை ஊருக்குப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச் ஹவுஸ். நெருப்பு, நீராவி, மின்சாரம் என்று ஆற்றல் உருமாறிப்போகும் வரிசையே கட்டடத்தின் வரிசையும்.

நடுவிலிருக்கும் டர்பைன் கூடத்தின் நீளம் 155 மீட்டர், அகலம் 23 மீட்டர், உயரம் 35 மீட்டர். டர்பைன் ஒன்றும் பத்து மாடி உயரம் கிடையாது. பிறகு ஏன் இவ்வளவு உயரம்? டர்பைன்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஒன்று பழுதானால் பல டன் எடையுள்ள அதன் மூடியையும் சுழலியையும் கழற்றி, பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களின் தலைக்கு மேலாகத் தூக்கிக்கொண்டுபோக வேண்டும். கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேனுக்காகத்தான் அந்த உயரம். அந்தக் கிரேன் குறுக்கே வரக்கூடாது என்பதால்தான் கூடத்தின் நடுவில் ஒரு தூண்கூட இல்லை. உயரத்தைப் போலவே ஆழத்துக்கும் காரணம் இருக்கிறது. டர்பைனிலிருந்து வெளியேறும் ஆவி அடியிலேயே கண்டென்சருக்குள் விழ வேண்டும். ஆகவே டர்பைன் உயரமான மேடையில் உட்கார்ந்திருக்கும். கண்டென்சரும் ஆற்று நீர்க் குழாய்களும் அதற்குக் கீழே அடித்தளத்தில் இருக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும் இயந்திரத்தின் அதிர்வைத் தாங்கத் தரையும் அஸ்திவாரமும் அதற்கேற்றபடி இருந்தாக வேண்டும்.

இயந்திரங்கள் இருந்த நாளில் இந்தக் கூடத்தை ஒரே வெளியாக யாரும் பார்த்ததில்லை. மேடைகள், குழாய்கள், படிகள், இரைச்சல். அந்த வெறுமை பின்னால் கிடைத்தது.

1970களின் எண்ணெய் நெருக்கடிகள் பேங்க்சைடை முடித்துவைத்தன. நிலக்கரியைவிட எண்ணெய் வசதி என்று கட்டிய நிலையத்துக்கு எண்ணெயின் விலையே எமனானது. 1981இல் மூடினார்கள். பத்தாண்டுக்கு மேல் சும்மா கிடந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கும் கோரிக்கையை அரசு ஏற்கவில்லை. இடித்துவிட்டு வேறு கட்டடங்கள் எழுப்பலாம் என்ற நிலை. 1993இல் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் கேவின் ஸ்டாம்ப் பிபிசி தொலைக்காட்சியில் அதைக் காப்பாற்றும்படி மன்றாடினார்.

அதே சமயத்தில் டேட் நிறுவனத்துக்கு இடம் போதவில்லை. சர்க்கரை வணிகர் ஹென்றி டேட்டின் கொடையில் 1897இல் மில்பேங்கில் தொடங்கிய கலைக்கூடம் அது. நவீனக் கலைக்குத் தனி இடம் வேண்டும் என்று 1992இல் முடிவெடுத்து, இயக்குநர் நிக்கலஸ் செரோட்டாவின் தலைமையில் ஊர் முழுக்கத் தேடி, 1994இல் பேங்க்சைடைத் தேர்ந்தெடுத்தார்கள். வடிவமைப்புப் போட்டிக்கு 148 திட்டங்கள் வந்தன. இறுதிப் பட்டியலில் ரென்சோ பியானோ, ததாவோ அண்டோ, ரெம் கூல்ஹாஸ் போன்ற பெரிய பெயர்கள் இருக்க, வென்றவர்கள் சுவிட்சர்லாந்தின் ஜாக் ஹெர்ட்சோக், பியர் தெ மூரோன் இணை. உலகளவில் அப்போது அவ்வளவாகத் தெரியாதவர்கள். புகைபோக்கியையும் செங்கல் சுவரையும் டர்பைன் கூடத்தையும் இருந்தபடி ஏற்றுக்கொண்டதுதான் அவர்கள் திட்டத்தின் பலம்.

இயந்திரங்களைக் கழற்றி வெளியேற்றியதும் வெறும் எஃகுச் சட்டகமும் செங்கல் தோலும் மிஞ்சின. டர்பைன் கூடத்தில் அவர்கள் செய்த மிகத் துணிச்சலான வேலை, தளத்தை எடுத்தது. டர்பைன்கள் உட்கார்ந்திருந்த மேடை மட்டத்தில் ஒரு குறுக்குப் பாலத்தை மட்டும் விட்டுவிட்டு, கண்டென்சர் இருந்த அடித்தளம் வரை கூடத்தைத் திறந்துவிட்டார்கள். மேற்கு வாயிலில் நுழைகிறவர் நீண்ட சாய்தளத்தில் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிப் போவது அதனால்தான். இறங்க இறங்கக் கூரை உயர்ந்துகொண்டே போகிறது.

கொதிகலன் கூடத்தின் கதை வேறு. அங்கே காட்சி அறைகள் வேண்டும். கொதிகலன்கள் இருந்த பெரும் வெளிக்குள் புதிதாகத் தளங்களைச் செருகி அடுக்கினார்கள். ஓவியத்துக்கு எதிரி மூன்று: வெளிச்சம், ஈரப்பதத்தின் ஏற்ற இறக்கம், தூசி. மரச்சட்டமும் கேன்வாஸும் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும். அவற்றின் மேலிருக்கும் வண்ணப்படலம் அதே அளவு நெகிழாது, ஆகவே வெடிக்கும். இதனால்தான் கலைக்கூடங்கள் ஈரப்பதத்தைப் பெரும்பாலும் 50 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளப் பாடுபடுகின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், காற்றை மிக அதிகம் கலைப்பவர்கள் பார்வையாளர்கள்தாம். அமைதியாக நிற்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குப் பல பத்து கிராம் நீராவி சேர்க்கிறார். டேட் மாடர்ன் 2000 மே மாதம் திறந்தபோது முதல் ஆண்டிலேயே 50 லட்சத்துக்கு மேல் மக்கள் வந்தார்கள். காட்சி அறைகளின் ஓக் மரத் தரையில் வார்ப்பிரும்புக் கிராதிகள் பதித்திருப்பதைக் கவனிக்கலாம். பதப்படுத்திய காற்று அவற்றின் வழியே மெதுவாக வருகிறது; மனிதச் சூட்டில் வெதுவெதுப்பாகி மேலே ஏறுகிறது. கண்ணை உறுத்தாத, சுவரை ஓவியங்களுக்கே விட்டுவிடும் ஏற்பாடு.

வெளிச்சத்தில் சமரசம் இன்னும் கடினம். ஒளி தரும் சேதம் பிரகாசமும் நேரமும் பெருகிச் சேர்வது; ஒருமுறை வெளுத்த சாயம் திரும்பாது. காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் என்பது பொதுவான வரம்பு. வெயில் நேரத்தில் திறந்தவெளியில் அது பல்லாயிரம். மின்நிலையத்தின் சன்னல் குறைந்த கனச் சுவர் இங்கே வரமாக அமைந்தது. கூரை மேல் நீளவாக்கில் வைத்த கண்ணாடிப் பெட்டி, மேல்தளத்து அறைகளுக்கு இயற்கை ஒளியை வடிகட்டி அனுப்புகிறது. இரவில் ஆற்றின் அக்கரையிலிருந்து பார்த்தால் அதுவே ஒளிப்பட்டையாகத் தெரியும்.

டர்பைன் கூடத்தை நிரப்பக் கலைஞர்களை ஆண்டுதோறும் அழைத்தார்கள். அங்கே நல்ல படைப்பு என்பது அந்த வெளியோடு மோதிப் பார்த்த படைப்புதான். மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் 2002இல் மூன்று எஃகு வளையங்களுக்கு இடையே அடர்சிவப்பு பிவிசி தோலை இழுத்துக் கட்டினார். பொறியாளர், இலங்கையில் பிறந்த செசில் பால்மண்ட். இழுவிசையில் நிற்கும் தோல் தன் வடிவத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதைக் கணக்கிட்டு வெட்டித் தைக்க வேண்டும். கூடத்தின் முழு நீளத்துக்கும் ஓடிய அதை எங்கிருந்தும் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஓலாஃபர் எலியாசன் அங்கே ஒரு சூரியனை வைத்தார். அரைவட்டத்தில் ஏறத்தாழ 200 விளக்குகள், கூரை முழுக்கக் கண்ணாடி. பிம்பத்தோடு சேர்ந்து அரைவட்டம் முழுவட்டமானது. அந்த விளக்குகள் 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் ஒளியை மட்டுமே உமிழும் வகை. பொருள்களின் நிறம் வெவ்வேறு அலைநீளங்களை அவை எப்படித் திருப்பி அனுப்புகின்றன என்பதைப் பொறுத்தது. வந்து விழுவதே ஒரே அலைநீளம் என்றால் சிவப்புச் சட்டையும் பச்சைப் பாவாடையும் மஞ்சளின் மங்கலும் கருமையுமாகத்தான் தெரியும். பழைய சோடியம் தெருவிளக்கின் அடியில் வண்டியின் நிறத்தை அடையாளம் தெரியாமல் விழித்தவர்களுக்கு இது புரியும். மெல்லிய பனிமூட்டத்தில், தரையில் மல்லாந்து படுத்து, கூரையில் தங்கள் உருவத்தைத் தேடினார்கள் மக்கள். இருபது லட்சத்துக்கு மேல் வந்துபோனார்கள் என்பது கணக்கு. 2010இல் ஐ வெய்வெய் பரப்பிய பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளின் மேல் நடக்க முதலில் விட்டார்கள். சில நாட்களில் நிறுத்திவிட்டார்கள். விதைகள் உரசிக் கிளம்பிய நுண்துகள்களைத் தொடர்ந்து சுவாசிப்பது நுரையீரலுக்கு ஆகாது என்பது காரணம். ஏமாந்தவர்கள் குறைசொன்னாலும் சரியான முடிவு என்பேன்.

இவ்வளவுக்கும் நடுவே கூடத்தில் ஒரு முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. உற்பத்திதான் நின்றது, ஸ்விட்ச் ஹவுஸில் துணைமின்நிலையம் தொடர்ந்து ஓடியது. மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் காந்தமாகும் ஒவ்வொரு முறையும் துளியளவு நீளம் மாறும். மின்னோட்டத்தின் ஒரு சுற்றுக்குள் இது இருமுறை நிகழும். பிரிட்டனில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால் முனகல் 100 ஹெர்ட்ஸில் எழும். கலையைப் பார்க்க வந்தவர்களில் பலர் அதையும் ஒரு படைப்பு என்று நினைத்திருக்கக் கூடும்.

பின்னாளில் ஸ்விட்ச் ஹவுஸின் ஒரு பகுதி கலைக்கூடத்துக்குக் கிடைத்தது. எண்ணெய்த் தொட்டிகள் 2012இல் நிகழ்த்துகலைக்கான அரங்குகளாகின. சன்னல் இல்லாத வட்டக் கான்கிரீட் குகைகள். அவற்றின் மேல் அதே ஹெர்ட்சோக், தெ மூரோன் இணை 64.5 மீட்டர் உயரத்துக்கு முறுக்கிய கோபுரமாக ஒரு புதுக் கட்டடத்தை எழுப்ப, 2016இல் அது திறந்தது. சுவர் இங்கேயும் செங்கல்தான், ஆனால் இடைவெளிவிட்டு அடுக்கிய சல்லடை. பகலில் வெயிலை வடிகட்டும். என்னைக் கவர்ந்தது அதன் வெப்ப ஏற்பாடு. மின்மாற்றிகள் மிகத் திறமையான கருவிகள். தம் வழியே போகும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வெப்பமாக இழக்கும். ஆனால் 100 மெகாவாட் போகும் இடத்தில் அரை சதவீதம் என்றாலும் 500 கிலோவாட் ஆயிற்று. பக்கத்துத் துணைமின்நிலையத்தில் வீணாகிக்கொண்டிருந்த இந்தச் சூட்டைப் பிடித்து கலைக்கூடத்தைக் குளிர்காலத்தில் சூடாக்குகிறார்கள். ஆற்றுக்கு வெப்பத்தைக் கொட்டிய அதே மனையில் இப்போது கசிவைக்கூட விடுவதில்லை.

பழைய கட்டடத்தைக் காப்பதன் லாபத்தையும் ஆற்றல் கணக்கில் பார்க்கலாம். 42 லட்சம் செங்கற்கள் என்பது சுமார் பத்தாயிரம் டன் சுட்ட மண். அத்தனையையும் சூளையில் வேகவைத்த நெருப்பு எப்போதோ செலவழிந்துவிட்டது. இடித்திருந்தால் அதையும் தூக்கிப்போட்டு, புதிதாக வேறொரு சூளையை மூட்டியிருக்க வேண்டும். தென்லண்டனிலேயே ஸ்காட்டின் கைபட்ட இன்னொரு மின்நிலையமான பேட்டர்சீ 1983இல் மூடப்பட்டு, திட்டத்துக்கு மேல் திட்டம் தோற்று, 2022இல்தான் கடைகளும் அலுவலகங்களும் வீடுகளுமாக மீண்டும் திறந்தது. கூரையில்லாமல் மழையில் நனைந்த அந்தப் பல ஆண்டுகளோடு ஒப்பிட்டால் பேங்க்சைட் தப்பித்த வேகம் புரியும்.

ஒரு குறை எனக்கு இருக்கிறது. டர்பைன் கூடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டர்பைன் ஒன்றுகூட இல்லை. தலைக்கு மேல் கிரேன் இருக்கிறது, அது எதைத் தூக்கியது என்று காட்ட எதுவும் இல்லை. ரோமில் வேறுமாதிரி யோசித்தார்கள். அங்கே மோந்தேமார்த்தினி என்ற பழைய மின்நிலையத்தில் 1997இல் கேபிட்டோலின் அருங்காட்சியகத்தின் பளிங்குச் சிலைகளைக் கொண்டுவந்து வைத்தபோது, இயந்திரங்களை அகற்றவில்லை. கறுத்த டீசல் என்ஜினின் முன்னால் ஈராயிரம் ஆண்டு பழமையான வெண்பளிங்குத் தேவதை நிற்கிறாள். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கிற குழந்தைக்கு, மனிதக் கை செய்தவை இவை இரண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லண்டனில் அத்தனை இயந்திரங்களும் வெளியேறியதால்தான் கபூரின் தோலுக்கும் எலியாசனின் சூரியனுக்கும் இடம் கிடைத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் 155 மீட்டர் நீளக் கூடத்தின் ஒரு ஓரத்தில் ஒரே ஒரு டர்பைன் சுழலியை, அதன் இறக்கைகள் தெரியும்படி, விட்டுவைத்திருக்கலாம்.